மீனை விரட்டும் வெள்ளம்!

ஐப்பசி அடைமழை. ஓடையில் புதுவெள்ளம்.

வெள்ளம் கீழே ஓடும். மீன் மேலே ஏறும்!

கெண்டை ஏறும். கெளுத்தி ஏறும். விராலும் வயல் தேடி வரும். ஆற்றிலும் ஏரியிலும் கிடந்த மீன்கள் ஓடை வழியாக வயலுக்கும் குட்டைக்கும் போகும். அங்கே முட்டை இடும். தண்ணீர் வடியும்போது குஞ்சுகள் அதே ஓடை வழியாகத் திரும்பும்.

பெண்கள் பிரசவத்துக்குத் தாய் வீடு போவார்கள் அல்லவா? மீன்களுக்கு ஓடைதான் அந்தத் தாய் வீட்டுப் பாதை.

ஊர் பெருகப் பெருக, அந்தப் பாதை கெட்டு வருகிறது. சாக்கடை கலப்பதால் மட்டும் அல்ல. மழைத் தண்ணீர் ஓடும் விதமே மாறிவிட்டதால்!

அது எப்படி? சென்னைக்கு வடக்கே இருக்கும் சோழவரத்தைப் பார்ப்போம்.

பெயர் இல்லாத ஓடைகள்

சோழவரம் என்றதும் ஏரிதான் நினைவுக்கு வரும். 1877-ல் அமைந்த ஏரி. சுமார் 108 கோடி கன அடி தண்ணீர் பிடிக்கும். கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பி, கால்வாய் வழியாக இங்கே கொண்டு வருகிறார்கள். இங்கிருந்து புழல் ஏரிக்குப் போகிறது. பிறகு சென்னை மக்களின் குடத்துக்கு வருகிறது.

பெரிய ஏரிக்குப் பெயர் உண்டு. காவல் உண்டு. வயலோரம் ஓடும் சின்ன ஓடைக்கு இரண்டும் இல்லை. ஆனால், ஊர் ஏரிகளையும் குட்டைகளையும் ஆற்றோடு இணைப்பது அந்தச் சின்ன ஓடைதான்.

இந்தப் பக்கம் முன்பு நெல் வயல்கள். இப்போது சென்னை-கொல்கத்தா நெடுஞ்சாலை ஓரம் கிடங்குகளும், லாரி நிறுத்தும் இடங்களும், வீட்டு மனைகளும் பெருகிவிட்டன. வடக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. வண்டலூர்-மீஞ்சூர் வெளிவட்டச் சாலையும் வந்துவிட்டது.

பலருக்கு வேலை கிடைத்தது. அது நல்லதுதான். ஆனால், மழைத் தண்ணீரின் கணக்கு மாறிவிட்டது.

4 லாரி தண்ணீர்

அந்தக் கணக்கைப் பாருங்கள்.

1 ஏக்கர் நிலத்தில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால், சுமார் 40,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் லாரியில் 4 லாரி! ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் கொட்டினால், 40 லாரி!

அந்த 1 ஏக்கர் மண்ணாக இருந்தால், அதில் ஒரு பங்கை மண் குடிக்கும். குடித்ததைப் பல நாள் வைத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்குக் கசிய விடும். மழை விட்ட பிறகும் ஓடையில் தண்ணீர் ஓடுவது இதனால்தான்.

அதே 1 ஏக்கர் தகரக் கூரையும் சிமெண்டுத் தளமுமாக இருந்தால்? மண் குடிக்க வழி இல்லை. அத்தனை தண்ணீரும் உடனே வடிகாலில் பாய்ந்து, ஓடையில் விழுகிறது.

சம்பளத்தைப் பார்த்துப் பார்த்துச் செலவு செய்தால், வீட்டில் மாதம் முழுவதும் அடுப்பு எரியும். முதல் நாளே அழித்துவிட்டால்? ஒரு நாள் விருந்து; மற்ற நாள் பட்டினி! ஓடைக்கும் இதே கதிதான்.

மீனுக்கு என்ன ஆகும்?

திடீர் வெள்ளம் முட்டைகளையும் குஞ்சுகளையும் அடித்துச் செல்லும். கரையை அரிக்கும். அரித்த மண் சேறாகி, மீன் முட்டையிடும் இடத்தை மூடும். சாலையில் கிடந்த எண்ணெயும் டயர் தூளும் முதல் மழையோடு ஓடைக்கு வந்து சேரும்.

மழை நின்றதும் ஓடை வற்றும். அங்கங்கே குட்டையாகத் தேங்கும் தண்ணீர் வெயிலில் சூடாகும். சூடான தண்ணீரில் பிராண வாயு குறையும்.

விரால் தலையை வெளியே நீட்டி, காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். கெண்டைக்கு அந்த வித்தை தெரியாது. மூச்சு முட்டிச் சாகும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஜிலேபி மீன் எதையும் தாங்கும். நம் ஊர் மீன் போன இடத்தில் அது குடியேறும்.

மீன் மட்டுமா? தட்டான்பூச்சியின் குஞ்சுகள் தண்ணீரில்தான் வளர்கின்றன. அவை கொசுப் புழுக்களைத் தின்பவை. மீனும் தட்டானும் இல்லாத தேக்கத்தில் யாருக்குக் கொண்டாட்டம்? கொசுவுக்கு! திண்டாட்டம் நமக்கு.

சாலைப் பாலங்களும் மீனுக்குத் தடை ஆகலாம். பாலத்தின் அடியில் போடும் குழாயை ஓடைத் தரைக்கு மேலே உயர்த்தி வைத்தால், அதிலிருந்து தண்ணீர் அருவி போல் விழும். எதிர்த்து ஏறி வரும் சின்ன மீன் அங்கேயே நின்றுவிடும்.

உலகம் கண்ட பாடம்

"சாக்கடையை நிறுத்தினால் போதாதா?" என்று கேட்கலாம்.

போதாது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகர ஓடைகளை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். கூரைத் தண்ணீர் குழாய் வழியாக நேரே ஓடையில் விழும் இடங்களில்தான் சேதம் அதிகம் என்று கண்டார்கள். நகரத்து ஓடைகளுக்கு வரும் இந்தக் கேட்டை, 2005-ல் வெளிவந்த ஆராய்ச்சிக் கட்டுரை ஒரு நோயாகவே சொல்கிறது.

நோய்க்கு மருந்தும் உண்டு. சிங்கப்பூரில், பீஷான் பூங்கா ஓரம் காலாங் ஆறு சிமெண்டுக் கால்வாயாகக் கிடந்தது. சிமெண்டைப் பெயர்த்தார்கள். வளைந்து ஓட விட்டார்கள். கல்லும் செடியும் வைத்தார்கள். 2012-ல் வேலை முடிந்தது. மீனும் பறவையும் தட்டானும் அங்கே வாழ்கின்றன.

நாம் என்ன செய்யலாம்?

தமிழ்நாட்டில் 2003-ல் வீடுதோறும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயம் ஆயிற்று. குடிநீருக்காக வந்த திட்டம் அது. ஓடைக்கும் அதுவே மருந்து! வீட்டில் அமைத்த குழி தூர்ந்து கிடந்தால், ஐப்பசிக்கு முன்பே தூர் எடுக்க வேண்டும்.

வீட்டுக் கூரையைவிடக் கிடங்குக் கூரை பல மடங்கு பெரியது. அந்த வளாகத்திலேயே ஒரு குளம் வெட்டி, தண்ணீரைத் தேக்கி, மெதுவாக விட வேண்டும்.

ஊர்க் குட்டையை மனைக்காகத் தூர்க்கக் கூடாது. பாலம் கட்டும்போது குழாயின் அடிப்பக்கம் ஓடைத் தரைக்குள் புதைந்திருக்க வேண்டும்.

புதிய கட்டடம் வருகிறதா? கிராம சபையில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"இந்தக் கூரையின் மழைத் தண்ணீர் எங்கே போகும்?"

அடுத்த மழை விட்டு 3 நாள் கழித்து, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உங்கள் ஊர் ஓடைக்குப் போங்கள். தெளிந்த தண்ணீர் ஓடுகிறதா என்று பாருங்கள்.

ஓடினால், மண் இன்னும் மழையைக் குடிக்கிறது. மீன் தாய் வீடு போக இன்னும் வழி இருக்கிறது.