பழைய கம்ப்யூட்டர் வாங்குவோர் கவனத்திற்கு

பிரேசர் டவுனில் ஒண்டுக்குடித்தனம் நடத்தும் குமாஸ்தா ஒருவர், பிள்ளையின் படிப்புக்குக் கம்ப்யூட்டர் வாங்க நினைக்கிறார். புதியது வாங்கினால் மாதச் சம்பளம் போய்விடும். ஆகவே எஸ்.பி. ரோட்டுக்குப் போகிறார். பழைய லேப்டாப்புகள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. எதை எடுப்பது, எதை விடுவது?

விண்டோஸ் 10-க்கு வழக்கமாகக் கொடுத்துவந்த ஆதரவை மைக்ரோசாப்ட் கம்பெனி 2025 அக்டோபர் 14-ந் தேதியுடன் நிறுத்திக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11-ஐப் போடுவதற்கு, இன்டெல் பிராசசர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையாவது வேண்டும். இதனால் நன்றாக ஓடும் மிஷின்களும் 'காலாவதி' என்று முத்திரை குத்தப்படுகின்றன. இது சரியல்ல. அவை கெட்டுப்போனவை அல்ல. லினக்ஸ் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும்.

1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது யூனிக்ஸ். அதே பாணியில் பின்லாந்து மாணவர் லைனஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கியதே லினக்ஸ். காசு கொடுக்க வேண்டியதில்லை. இலவசம் என்பதால் மட்டமானது என்று எண்ணிவிடக் கூடாது. உமாசங்கர் ஐ.ஏ.எஸ். பொறுப்பில் இருந்தபோது, 2007-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தமிழக அரசின் எல்காட் நிறுவனமே லினக்ஸுக்கு மாறியது. கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் அதில்தான் படிக்கிறார்கள். தமிழ் 99 விசைப்பலகையில் தமிழும் அடிக்கலாம்.

ஆனால் எல்லாப் பழைய மிஷினும் ஒத்துவராது. 32 பிட் மிஷினைத் தொடவே வேண்டாம். 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13-ஐக்கூட அதில் புதிதாக நிறுவ முடியாது. திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் போன்ற ஆபீஸ் ரக லேப்டாப்புகளே மேல். உதிரி பாகம் எளிதில் கிடைக்கும். லினக்ஸும் பெரும்பாலும் தகராறு செய்யாது. ராம் 8 ஜி.பி. இருப்பது நல்லது. பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் வேகம் கூடும். பிராட்காம் வைபை இருந்தால் தனி டிரைவர் தேட வேண்டி வரலாம். இன்டெல் வைபை என்றால் தொல்லை குறைவு.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவைக் கையோடு கொண்டுபோய், பணம் கொடுக்கும் முன்பே கடையில் மிஷினை அதிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும். டிஸ்க்கில் எதுவும் எழுதாமலே இது நடக்கும். வைபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடித் திறந்தால் திரை எழுகிறதா, எல்லா விசையும் வேலை செய்கிறதா என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பயாஸுக்கு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருந்தால் வாங்கவே கூடாது. சோதிக்கக் கடைக்காரர் சம்மதிக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போவதே புத்திசாலித்தனம்.

கணக்கு எழுதுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. டேலி விண்டோஸுக்காகவே செய்யப்பட்டது. பிழைப்பே அதை நம்பித்தான் என்றால் லினக்ஸை மட்டும் நம்பி இறங்குவது ஆபத்து. பாடம் படிக்க, கடிதம் அடிக்க, இன்டர்நெட் பார்க்க லினக்ஸ் தாராளமாகப் போதும்.

பெங்களூர்த் தமிழ் அமைப்புகள் இதில் உதவலாம். நாலைந்து பென் டிரைவும், விஷயம் தெரிந்த இரண்டு இளைஞர்களும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் போதும். உழைத்துச் சேர்த்த பணம் வீணாகாது; ஏழைப் பிள்ளையின் மேஜைக்கும் ஒரு கம்ப்யூட்டர் வந்து சேரும்.