இலிகிதருக்கும் காவலாளிக்கும் வேண்டும் இந்தப் பயிற்சி

ஒலுவில் வளாகத்து விடுதியில் ஒரு மாணவி நாலு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் அது முதலில் யாருக்குத் தெரியும்? உபவேந்தருக்கு அல்ல. விடுதிப் பொறுப்பாளருக்குத் தெரியும், சிற்றுண்டிச்சாலைக்காரருக்குத் தெரியும். மீள்பரீட்சைப் படிவத்தை நீட்டும்போது கை நடுங்குவதைக் காண்பவர் பரீட்சைக் கிளை இலிகிதர். நள்ளிரவில் தனியே நடப்பவனைக் காண்பவர் காவலாளி. உளநலப் பயிற்சி என்று வந்தால் மட்டும் இவர்களில் ஒருவரும் நம் நினைவுக்கு வருவதில்லை. மாணவ ஆலோசகர்களாக நியமிக்கப்பட்ட விரிவுரையாளர்களுக்கு ஒருநாள் செயலமர்வு, பிறகு ஒரு குழுப்படம். அவ்வளவுதான்.

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. போர்க்காலத்தில் வந்தாறுமூலைக்குப் போய்ப் படிக்க அஞ்சிய மாணவர்களுக்காக, எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகப் பிறந்து, அடுத்த ஆண்டே பல்கலைக்கழகமானது அது. மாணவரின் அச்சத்துக்கு விடையாக எழுந்த நிறுவனம், அந்த மாணவர் உள்ளே வந்த பிறகு படும் அச்சத்தை யாரோ ஒருவரின் மேலதிகக் கடமையாக விட்டுவிடலாமா? சிங்கள மாணவர்களும் இங்கே படிக்கிறார்கள். மனம் நொந்தவன் தாய்மொழியில்தான் அழுவான். எனவே பயிற்சி இரு மொழியிலும் நடக்க வேண்டும்.

“இலிகிதரை வைத்தியராக்கப் பார்க்கிறீர்களா?” என்று கேட்பார்கள். இல்லை. கவனிக்க, கேட்க, பொறுமையாகச் செவிகொடுக்க, உரியவரிடம் கூட்டிப்போக: இவ்வளவே பாடம். சிம்பாப்வேயில் உளமருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006இல் ஹராரேயின் பாட்டிமார் 14 பேருக்குப் பயிற்சி கொடுத்து, மருத்துவ நிலையத்து வாங்கில்களில் உட்காரவைத்தார். அவர்களிடம் வந்தவர்களின் துயரம் உண்மையிலேயே குறைந்ததை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்குள்ள ஷோனா மொழியில் அந்த நோவுக்குப் பெயரே ‘அதிகமாக யோசித்தல்’. நம் உம்மாமார் “புள்ளைக்கி ஒரே யோசன” என்பதும் அதைத்தான். அவ்வளவு தூரம் போவானேன்? பேராசிரியர் தயா சோமசுந்தரமும் சகாக்களும் வடக்கில் போருக்கு நடுவிலேயே சமூகப் பணியாளர்களை இப்படிப் பயிற்றுவித்து, அதற்குத் தமிழிலேயே கைநூலும் தந்தார்கள்.

இன்னொரு உதாரணமும் உள்நாட்டிலேயே இருக்கிறது. 1995 அளவில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சத்துக்கு ஏறக்குறைய 47. உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. பத்தே ஆண்டில் அது பாதியானது. முக்கிய காரணம், கடும் நச்சுப் பீடைகொல்லிகளுக்கு விதித்த தடை. வைத்தியசாலைக்கு வெளியே, ஓர் அலுவலக மேசையில் இடப்பட்ட கையொப்பம் அத்தனை உயிர்களைக் காத்தது.

பயிற்சியைவிடச் சிக்கலான விடயம் ஒன்று உண்டு. 1998இல் நாடாளுமன்றம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அதே ஆண்டில் தற்கொலை முயற்சியைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஒன்று தண்டிக்கும் கை, மற்றது தாங்கும் கை. மாணவ ஆலோசகரிடம் நாம் இரண்டையும் கேட்கிறோம். ஒழுக்காற்று விசாரணையில் எதிரே உட்கார்ந்தவரிடமே மறுநாள் போய் “எனக்கு வாழப் பிடிக்கவில்லை” என்று எந்த மாணவன் சொல்வான்? நிந்தவூரில் பேசியது அஸருக்கு முன் அக்கரைப்பற்றுக்குப் போய்ச் சேரும் ஊர்கள் இவை. மாப்பிள்ளை பார்க்கும் வயதிலுள்ள பெண்பிள்ளையின் கண்ணீர் தெருக்கதையானால், அடுத்தவள் வாயே திறக்கமாட்டாள். ஓதிப் பார்ப்பதோடு பெற்றோர் விட்டுவிடுகிறார்கள் என்று குறைப்படுவோர் இதையும் எண்ணிப் பார்க்கட்டும்: பள்ளிவாசலில் ஓதப் போனால் யாரும் விசாரிப்பதில்லை.

ஆகவே விசாரிப்பவரும் ஆறுதல் சொல்பவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும். இரகசியம் காப்பது ஊழியரின் கடமைப் பட்டியலில் எழுத்தில் ஏற வேண்டும். பயிற்சி ஆண்டுதோறும், சம்பளத்தோடு கூடிய வேலை நேரத்தில் நடக்க வேண்டும். கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளுடன் மாணவரை அனுப்பும் ஒழுங்கைப் பல்கலைக்கழகம் எழுத்தில் செய்துகொள்ள வேண்டும். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்தை ஒவ்வொரு விடுதிக் கதவிலும் ஒட்ட நிதி ஒதுக்கீட்டுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அதை நாளைக் காலையிலேயே செய்யலாம்.