நாய்க்குப் பெயர் உண்டு, சிப்பாய்க்கு எண்தான்!

தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் சிலவற்றில் ஒரு பழைய சலவைக்கல் பலகையைப் பார்க்கலாம். இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குப் போனார்கள், அதில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரி. அவ்வளவுதான். பஞ்சாபுக்குப் போனாலும் இதே வாசகம்தான், எண்ணிக்கை மட்டும் மாறும். ரேஷன் கடைப் பலகையில் அரிசி இருப்பு எழுதுகிற மாதிரி!

யார் அந்தச் செத்தவர்கள்? யார் மகன், எந்தத் தெரு? கல் சொல்லாது.

அதே போருக்கு இங்கிலாந்துக் கிராமங்களில் வைத்த நினைவுச்சின்னங்களைப் பாருங்கள். பண்ணையார் மகனும் குதிரைலாயக்காரன் மகனும் பெயரோடு இருக்கிறார்கள். இங்கே மட்டும் கணக்கு.

பெயர்கள் கிடைக்கவில்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். சுத்தப் பொய். அந்தப் போருக்காகக் கொடுத்த பதக்கத்தின் விளிம்பிலேயே சிப்பாயின் எண், பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கிறார்கள். பெயர் தெரியாமலா விதவைக்குப் பென்ஷன் போனது? பஞ்சாபிலிருந்து போன சுமார் 3,20,000 பேரின் ஊர்வாரிப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் தூங்கிக் கிடந்து, 2021-இல் இணையத்துக்கு வந்தன. பிரான்ஸில் நூவ் ஷப்பேல் நினைவிடத்தில் 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர் இருக்கிறது. ஆனால் ஈராக்கின் பாஸ்ரா நினைவிடத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர், சாதாரணச் சிப்பாய்களுக்கு எண்ணிக்கை! ஐரோப்பாக்காரன் கண்ணில் படுகிற இடத்தில் ஒரு நியாயம், படாத இடத்தில் இன்னொரு நியாயம். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் இந்தப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டுவிட்டது. ஆப்பிரிக்கர் உட்பட குறைந்தது 1,16,000 பேர் பெயரில்லாமலோ, நினைவே இல்லாமலோ விடப்பட்டார்களாம்.

சரி, வெள்ளைக்காரன் அப்படித்தான். நம் வழக்கம் என்ன?

திருவண்ணாமலைப் பக்கம் எடத்தனூரில் மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. செத்த வீரன் பெயர் அதில் இருக்கிறது. கூடவே கள்வரைக் கடித்த அவன் நாயின் பெயரும் இருக்கிறது: கோவிவன். 1,400 வருடத்துக்கு முன்பு ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை, நூறு வருடத்துக்கு முன்பு மெசபடோமியாவில் செத்த மனிதனுக்குக் கிடைக்கவில்லை. வெள்ளைக்காரன் போய் 75 வருடத்துக்கு மேல் ஆகியும் நாமும் அந்தக் கல்லை அப்படியே விட்டு வைத்திருக்கிறோமே, அதற்கு யாரைத் திட்டுவது?

'கூலிக்குப் போனவன், அடுத்தவன் சண்டையில் செத்தான், அவனுக்கு என்ன மரியாதை' என்று ஒரு கூட்டம் கேட்கும். மாதம் 11 ரூபாய்ச் சம்பளத்துக்குக் கப்பல் ஏறியவன் போரை அறிவிக்கவில்லை ஐயா. அவனைத் தியாகி என்று யாரும் கும்பிட வேண்டாம். செத்தவன் பெயரை எழுதச் சொன்னால் போதாதா?

ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டு, வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பதக்கங்களைக் கொண்டு வரச் சொன்னாலே வேலை தொடங்கிவிடும். விளிம்பைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். அந்தப் பித்தளைக் கடைக்காரர் முந்திக்கொள்வதற்குள் செய்தால் நல்லது.