முகமூடி அணிந்த நகைச்சுவை

வகுப்பறையில் ஆசிரியர் தடுமாறி உரைத்த ஒரு சொல், பள்ளி மணி ஒலிப்பதற்குள் நடிகர் வடிவேலுவின் படத்தோடு ஒட்டப்பெற்றுக் கைப்பேசிதோறும் உலா வருகிறது. இதனை இன்று 'மீம்' என்கின்றனர். ஆக்கியவன் யாரென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பரப்பியவர் யாரென்று கேட்டால் எல்லாருமே. "மாணவர் விளையாட்டுத்தானே!" என நாமும் சிரித்துவிட்டு நகர்கிறோம். அந்தச் சிரிப்பையே கண்டிக்க முற்படுகிறேன்.

நகைச்சுவைக்கு நான் பகைவன் அல்லன். காளமேகப் புலவர் வசை பாடியவர்தாம். ஆயின், தம் பெயரை மறைத்தாரில்லை. பெயரின்றி எழுதுதல் தமிழுக்குப் புதிதோ என்று வினவுவோரும் உளர். புதிதன்று. குறுந்தொகைப் புலவர் ஒருவரின் இயற்பெயர் கிட்டாமையால், அவர்தம் உவமையைக் கொண்டே செம்புலப்பெயல்நீரார் என்கிறோம். அடக்குமுறைக் காலத்தில் புனைபெயர் பூண்டு வலியாரை எதிர்த்தோரும் உண்டு. இன்றைய முகமூடியோ எளியாரைத் தாக்கிவிட்டு ஒளிவதற்கென்றே அணியப்படுவது.

அதன் விளைவைப் பினாங்கு மாநிலம் கண்கூடாகக் கண்டது. 2020 மே மாதம், உடன் பணியாற்றிய வெளிநாட்டவர் ஒருவரோடு 20 வயதுத் தமிழ்ப்பெண் ஒருத்தி எடுத்த டிக்டாக் காணொளியைப் புனைபெயர் முகநூல் பக்கமொன்று இழிவுரையோடு வெளியிட்டது. கண்டவரெல்லாம் வசைமாரி பொழிந்தனர். அப்பெண் தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள். ஒரு கணம் சிரித்துப் பகிர்ந்த கைகளுக்கு அச்சாவில் பங்கில்லையா?

2024 ஜூலையில் கோலாலம்பூரிலும் இணையப் பழிப்புக்கு ஆளான தமிழ்ப்பெண் ஒருவர் மாண்டார். குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்கு விதிக்கப்பட்ட தண்டம் 100 ரிங்கிட்! மக்கள் கொதித்தெழுந்தனர், தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. 2025 ஜூலை 11 முதல், ஒருவரைத் தற்கொலைக்குத் தள்ளும் பகடிவதைக்குப் 10 ஆண்டு வரை சிறை உண்டு.

சட்டம் சாவுக்குப் பின்னர் வந்தது. கல்வியன்றோ முன்னரே வந்திருக்க வேண்டும்? அச்சிட்ட வெளியீட்டில் அச்சகத்தார் பெயரும் வெளியீட்டாளர் பெயரும் இருத்தல் வேண்டும் என்பது 1984ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் வகுத்த நெறி. எழுத்துக்குப் பொறுப்பேற்கும் அந்நாணயத்தைக் கைப்பேசி ஏந்திய மாணவனுக்கு நாம் கற்பித்தோமா? புறங்கூறாமை அதிகாரத்தின் பத்துக் குறளையும் மனனம் செய்விக்கிறோம்; பின்னர் நம் புலனக் குழுக்களிலேயே பிறர் மானத்தைப் பகிர்ந்து மகிழ்கிறோம். மாணவன் எதைப் பின்பற்றுவான்?

ஆசிரியப் பெருமக்களே, கைப்பேசியைப் பறிப்பதால் இந்நோய் தீராது. குறள் நடத்தும் அதே பாடவேளையில் ஒரு மீமையும் எடுத்து வைத்து, இதில் புண்படுபவர் யார் என்று மாணவரையே சொல்ல விடுங்கள்.

மாணவ மணிகளே, அநீதியைக் கேலி செய்யுங்கள். அதிகாரத்தை எள்ளி நகையாடுங்கள். தோழி ஒருத்தியின் படத்தைத் தொடும்போது மட்டும், அதன் அடியில் உங்கள் பெயரை எழுதத் துணிவீர்களா என எண்ணிப் பாருங்கள். துணிவில்லையேல் அழித்துவிடுங்கள், பிறர் அனுப்பியதாயினும் அழித்துவிடுங்கள்.