பெருந்தொற்றும் பள்ளிக்குத் திரும்பாத ஆசிரியர்களும்

2021 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான குழந்தைகளுக்குப் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டன. பத்தொன்பது மாதங்களுக்கும் மேலாகப் பூட்டிக் கிடந்த வகுப்பறைகளுக்குள் குழந்தைகள் இனிப்புடன் வரவேற்கப்பட்டனர். எத்தனை ஆசிரியர்கள் திரும்பவில்லை என்ற கேள்வி அன்று எழவில்லை. விடை, ஒன்றிய அரசின் யுடைஸ் பிளஸ் அறிக்கையில் பின்னர் வந்தது. 2020-21இல் நாடெங்கும் 96.96 லட்சமாக இருந்த ஆசிரியர் எண்ணிக்கை, 2021-22இல் 95.07 லட்சமாகச் சரிந்திருந்தது. அரசுப் பள்ளிகளில் சரிவு 0.9 விழுக்காடு, தனியார் பள்ளிகளில் 2.94 விழுக்காடு. ஓய்வு பெற்றோரும் இறந்தோரும் இக்கணக்கில் உண்டு என்றாலும், பணிப் பாதுகாப்பு இல்லாத இடத்தில் சரிவு மும்மடங்காக இருப்பது தற்செயலன்று.

நம் தெருக்களில் இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை நாம் கண்டோம். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக பி.எட். முடித்த பெண், அரசுப் பணி நியமனம் பல ஆண்டுகளாக முடங்கிய நிலையில், பக்கத்து ஊர் மெட்ரிக் பள்ளிக்குச் சொற்பச் சம்பளத்தில் செல்கிறாள். அங்கே இடஒதுக்கீடு இல்லை. பணி நியமன ஆணைகூடப் பல வேளைகளில் இல்லை. 2020இல் சென்னை உயர்நீதிமன்றம் தனியார் பள்ளிகள் 75 விழுக்காடு கட்டணத்தை இரு தவணைகளாக வசூலிக்க அனுமதித்தது. ஆயினும், கட்டணம் வரவில்லை என்ற காரணம் கூறிப் பல நிர்வாகங்கள் சம்பளத்தைப் பாதியாக்கின, அல்லது அடியோடு நிறுத்தின. இணைய வகுப்பு மட்டும் நிற்கவில்லை. டீச்சர் என்று ஊரார் அழைத்தவர்கள் நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியுடன் சென்றனர். அந்த வேலை இழிவானதன்று. ஆனால் அதிலிருந்து ஒரு தலைமுறையை மீட்கவே அக்குடும்பம் கடன் வாங்கிப் படிக்க வைத்திருந்தது.

நிரந்தரப் பணியில் இருந்தோரும் நிம்மதியாக இல்லை. உத்தரப் பிரதேசத்தில் 2021 ஏப்ரல் ஊராட்சித் தேர்தல் பணிக்கு அனுப்பப்பட்டுத் தொற்றால் இறந்தோர் என்று ஆசிரியர் சங்கம் 1,621 பேரின் பட்டியலை அளித்தது. கல்வித் துறை முதலில் ஒப்புக்கொண்டது மூன்று பேரை மட்டுமே.

தமிழ்நாட்டில் ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 58இலிருந்து 59ஆகவும், 2021 பிப்ரவரியில் 60ஆகவும் உயர்த்தப்பட்டது. பணியில் இருந்தோருக்கு அது ஆறுதல். தகுதித் தேர்வில் வென்று 2013 முதல் காத்திருந்தோருக்கோ, மேலும் ஈராண்டுக் காத்திருப்பு. 2012இல் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்கள், தொற்றுக் காலத்திலும் மே மாதச் சம்பளமின்றியே வாழ்ந்தனர்.

ஆசிரியரின் மன உளைச்சல் குறித்துப் பேசுவோர் யோகாவையும் ஆலோசனை மையத்தையும் பரிந்துரைக்கின்றனர். உளைச்சலின் ஊற்றுக்கண் வேறிடத்தில் இருக்கிறது. ழான் திரேஸ் உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், ஒன்றியப் பகுதிகளில் நடத்திய ஆய்வின்படி, ஊரகத் தலித், பழங்குடிக் குழந்தைகளில் 4 விழுக்காட்டினரே இணையவழியில் தொடர்ந்து படித்தனர். ஏனைய ஊரகக் குழந்தைகளில் இது 15 விழுக்காடு. ஓர் ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஆசிரியரின் நிலையில் இருந்து இதைப் பார்ப்போம். பாடக் காணொளியை அனுப்ப வேண்டும் என்கிறது உத்தரவு. வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. அதுவும் தகப்பனாருடன் வேலைக்குப் போய்விடும். அனுப்பியதற்கான கணக்கை மேலதிகாரிக்குக் கொடுத்துவிட்டு, ஒரு பிள்ளையும் பார்க்கவில்லை என்று அறிந்தே அவர் உறங்கப் போக வேண்டும். இந்தக் குற்றவுணர்வுக்கு எந்த மையத்தில் மருந்து இருக்கிறது?

இழப்பைச் சரிசெய்ய அரசு எடுத்த வழிகளே நம் கவலையைக் கூட்டுகின்றன. 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களது உழைப்பு மெய்யானது என்பதாலேயே அத்தொகை உறுத்துகிறது. 2022இல் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப ஆணை வந்தது. இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று ஊதியம் வரையறுக்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பின்னரே உயர்த்தப்பட்டது. முறையான நியமனம் நடந்தால், பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும் அதனுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடும் இனச்சுழற்சியில் உறுதி. ஊர்க்குழு தேர்ந்தெடுக்கும்போது ஊரின் சாதியும் அக்குழுவில் அமர்ந்திருக்கும் என்பதைக் கோட்டையில் இருப்போருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

யுடைஸ் படிவத்தில் ஆசிரியரின் சமூகப் பிரிவைக் குறிக்க ஒரு கட்டம் உள்ளது. அந்த ஓராண்டில் குறைந்த 1.89 லட்சத்தில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், எவ்வகைப் பள்ளிகளில் பணியாற்றியோர், அவர்களது இடங்களில் இன்று இருப்போர் நிரந்தரப் பணியினரா, தொகுப்பூதியத்தினரா என்று பிரித்துக் காட்டும் அட்டவணையைத் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் வைக்க வேண்டும் எனக் கோருகிறோம்.