கூலி வாங்கினால்தான் குற்றமா?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம் 2016-இல் விசித்திரமான ஒரு சட்டத்தை இயற்றியது. தாய்ப்பால் ஊட்டுவது குறித்து ஆலோசனை கூறிக் கட்டணம் பெறுவோர் மாநில உரிமம் பெற்றாக வேண்டும், ‘ஐ.பி.சி.எல்.சி.’ எனும் பன்னாட்டுச் சான்றிதழ் உடையோருக்கே அந்த உரிமம். மருத்துவர், செவிலியர் போன்றோருக்கு விலக்கு உண்டு. ஊதியம் பெறாத தன்னார்வலர்களுக்கும் உண்டு. அதாவது, சான்றிதழ் இல்லாதவர் இலவசமாக ஆலோசனை சொன்னால் குழந்தைக்குத் தீங்கில்லை; காசு வாங்கினால்தான் தீங்கு!

இத்தகைய உரிமத்தால் பயனில்லை என்று மாநிலத்தின் தொழில் ஒழுங்குமுறை மறுஆய்வுக் குழுவே 2013-இல் கூறியிருந்தது. அதைப் பொருட்படுத்தாமல் சட்டம் நிறைவேறியது. அட்லாண்டாவில் பல்லாண்டுகளாகத் தாய்மார்களுக்கு வழிகாட்டி வந்த மேரி ஜாக்சன் என்ற கறுப்பினப் பெண்மணி 2018-இல் நீதிமன்றம் சென்றார். கறுப்பினத் தாய்மார்களிடையே தாய்ப்பாலூட்டலை வளர்க்க 2011-இல் தொடங்கப்பட்ட ‘ரோஸ்’ அமைப்பின் நிறுவனர்களுள் ஒருவர் அவர். 2023 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது.

இதில் நிறம் எங்கே வந்தது என்று கேட்கலாம். அடிமை முறைக் காலத்தில் கறுப்பினத் தாய்மார் தம் பிள்ளையை விட்டுவிட்டு எஜமானர் வீட்டுப் பிள்ளைக்குப் பாலூட்ட வற்புறுத்தப்பட்டனர். கூலியில்லாத அவர்களது பாலுக்கு எவரும் உரிமம் கேட்கவில்லை. இன்று அந்நாட்டில் கறுப்பினக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கே தாய்ப்பால் கிடைக்கத் தொடங்குகிறது. தேசிய அளவில் அது ஐந்தில் நான்குக்கும் மேல். ஓராண்டு நிறையுமுன் இறக்கும் குழந்தைகளின் விகிதம் வெள்ளையினத்தவரைக் காட்டிலும் கறுப்பினத்தவரிடையே இரு மடங்குக்கும் அதிகம். தாய்ப்பால் மட்டுமே இதற்கு மருந்தாகிவிடாது. ஊதியத்துடன் கூடிய பேறுகால விடுப்பைத் தேசியச் சட்டமாக்காத நாடு அது. பிள்ளை பெற்ற சில வாரங்களிலேயே வேலைக்குத் திரும்பும் பெண்ணுக்கு, அவள் நிலை அறிந்தவர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பது சிறிய உதவியன்று.

சான்றிதழே வேண்டாம் என்பதன்று வாதம். சிக்கலான நேர்வுகளுக்கு ஆழ்ந்த பயிற்சி தேவைதான். ஆனால் அதற்குரிய ஏணி செங்குத்தானது: உடல்நல அறிவியல் பாடங்கள், 95 மணி நேரத் தாய்ப்பால் கல்வி, தேர்ந்தெடுக்கும் வழிக்கேற்ப 300 முதல் 1,000 மணி நேர நேரடிப் பயிற்சி, அதன்பின் கட்டணத் தேர்வு. பயிற்சி நேரம் பெரும்பாலும் ஊதியமற்றது. இரண்டு வேலை பார்த்து வீட்டு வாடகை கட்டும் பெண் அதை எங்கிருந்து எடுப்பாள்?

வட கரோலினாவில் கறுப்பின மாணவர்களுக்கெனத் தோன்றிய இரு பல்கலைக்கழகங்கள், கிரீன்ஸ்பரோவின் ஏ அண்ட் டி-யும் சார்லட்டின் ஜான்சன் சி. ஸ்மித்தும், இப்பயிற்சியைத் தம் வளாகத்துக்கே கொண்டுவந்துள்ளன. நீதிமன்றத் தீர்ப்பைவிட இதுவே நீடித்த மாற்றம் என்பது என் கருத்து. தீர்ப்பு தடையை நீக்கும், ஏணி தராது.

பணப் பிரச்சினையோ இன்னும் தீரவில்லை. தாய்ப்பால் ஆலோசனைக்கான செலவைக் காப்பீட்டு நிறுவனங்கள் ஏற்க வேண்டும் என்கிறது 2010-இன் தேசிய சுகாதாரச் சட்டம். யாருடைய ஆலோசனைக்குப் பணம் தருவது என்பதில் மாநிலத்துக்கு மாநிலம், நிறுவனத்துக்கு நிறுவனம் விதி மாறுகிறது. உரிமம் கேட்டு மூடப்பட்ட கதவு, காப்பீட்டுப் படிவத்தின் வழியாக இன்னமும் பல இடங்களில் மூடியே கிடக்கிறது.