அஜினமோட்டோவைத் திட்டுறவங்க கவனத்துக்கு

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தப்ப, சித்தி அடுப்படியில ஒரு அஜினமோட்டோ பாக்கெட்டைப் பார்த்துட்டு எங்கம்மா போட்ட சத்தம் பொட்டிபுரம் மலை வரைக்கும் கேட்டிருக்கும். (2015ல நியூட்ரினோ ஆய்வகத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்துச்சே, அதே பொட்டிபுரம்தான். அது வேற சண்டை, இப்ப வேணாம்.) "இதைத் தின்னா மூளை கெட்டுப் போயிரும்டி"ங்கிறது அம்மா கட்சி.

அம்மா சொன்னதுல பாதி நிஜம். அதுல இருக்கிற குளூட்டமேட் மூளைக்குள்ள அளவு மீறினா ஆபத்துதான். ஆனா சாப்பாட்டுல வர்றதுல பெரும்பகுதியைக் குடலே எரிச்சுடுது. மிச்சத்தை மூளைக்கு முன்னால இருக்கிற ரத்தத் தடுப்பு உள்ள விடுறதில்ல. தக்காளியிலயும் இதே சரக்கு இருக்கு, அதுக்கு யாரும் சத்தம் போடல.

மூளைக்குள்ள என்ன நடக்குது? உடம்பு எடையில 2 சதவீதம்தான் மூளை, ஆனா கரண்டுல 20 சதவீதம் அதுக்கு. குளூட்டமேட் வந்து தட்டினா நரம்பு செல்லோட கதவு திறந்து சோடியமும் கால்சியமும் உள்ள வரும். அதைத் திருப்பி வெளிய இறைக்க ஏடிபி செலவாகும். தட்டுறது நிக்கலைன்னா கால்சியம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள குவிஞ்சு, கரண்ட் தயாரிக்கிற இடமே படுத்துடும். கூத்து என்னன்னா, வெளிய கிடக்கிற குளூட்டமேட்டை அள்ளுற வேலைக்கும் அதே கரண்ட்தான் வேணும். கரண்ட் இல்ல, அள்ள ஆள் இல்ல, தட்டுறது இன்னும் கூடுது. நம்ம பாஷையில, மெமரியை விடாத ப்ராசஸைக் கொல்லப் போன ப்ராசஸுக்கே மெமரி கிடைக்காத கதை.

இது நம்ம நாட்டுல பருப்பு வழியாவே நடந்திருக்கு. கேசரிப் பருப்பு. மழை பொய்ச்சாலும் விளையும், விலை மலிவு. மத்தியப் பிரதேசம் ரீவா பக்கம் ஒரு காலத்துல பண்ணையாளுங்களுக்குக் கூலியே இதுவாத்தான் இருந்துச்சு. மாசக்கணக்குல இதையே தின்னவங்களுக்குக் கால் விறைச்சு, குச்சி ஊனி நடக்கிற நிலைமை. போன கால் திரும்பாது. 1964ல பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துல ராவ், அடிகா, சர்மா மூணு பேரும் அந்த நஞ்சைப் பிரிச்சுக் காட்டினாங்க. ஓடாப்னு பேரு, குளூட்டமேட் வேஷம் போட்டு அதே கதவைத் தட்டும். 1998ல நிம்ஹான்ஸ்ல விஜயலட்சுமி ரவீந்திரநாத் குழு எலிகள்ல பார்த்தது இன்னும் முக்கியம்: நரம்பு சிதையறதுக்கு முன்னாடியே, மைட்டோகாண்ட்ரியாவோட முதல் கட்ட இயந்திரம் நின்னு போகுது. அதுவும் கால் அசைவுக்கான பகுதிகள்ல.

1961லயே விற்பனைக்குத் தடை வந்துச்சு. 2016ல நஞ்சு குறைஞ்ச ரகங்கள் வந்தாச்சு, தடையை எடுக்கலாம்னு பேச்சு கிளம்புச்சு. நான் ஒத்துக்க மாட்டேன். புது ரகம் நல்லதாவே இருக்கட்டும். உடைச்சு மூட்டைக்குள்ள போட்ட பிறகு எது புதுசு எது பழசுன்னு எந்த மளிகைக்கடை அண்ணாச்சி சொல்லுவார்? துவரம்பருப்புல இதைக் கலக்கிற வித்தை ஏற்கெனவே தெரிஞ்சதுதானே. ஒரு பக்கம் சரிஞ்சு, சதுரமா இருந்தா அது கேசரி, அவ்வளவுதான் நம்ம கண்ணுக்குத் தெரியற அடையாளம்.

பணக்காரன் பத்து வகை சாப்பிடுவான், கொஞ்சம் கலந்தா ஒண்ணும் ஆகாது. விடியக்காலையில போடியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்ல அடைஞ்சு போற அக்காங்க தூக்குச்சட்டியில தினமும் ஒரே குழம்பு. மலிவான பருப்பு மொதல்ல போற இடம் அந்தச் சட்டிதான்.

அஜினமோட்டோ பாக்கெட் அன்னிக்கே குப்பைக்குப் போயிருச்சு. சாம்பாருக்குப் போட்டது சந்தையில உதிரியா வாங்கின பருப்பு. அதைக் கையில எடுத்து யாரும் பார்க்கல. நானும்தான்.